போட் லைட்டுக்கு ரெண்டு தடவ ஃபெயில் ஆன கதை

நாங்க செம்பூர்ல மூணு பேர் சேந்து ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு பழைய ஃபைபர் போட் வாங்கினோம், 6.4 மீட்டர், பின்னாடி வெளிய மாட்டற 40 ஹெச்பி அவுட்போர்டு இஞ்சின். மும்பைல மழ ஆரம்பிச்சா போட்ட கரையேத்திருவாங்க, எங்களுது தாருகானா பக்கம் ஒரு யார்டுல முட்டு குடுத்து நின்னுச்சு. திரும்ப தண்ணில இறக்கறதுக்கு முன்னாடி சர்வே, அதாவது போட் பாதுகாப்பா இருக்கான்னு ஒரு சோதனை. இஞ்சின், லைஃப் ஜாக்கெட், தீயணைப்பான் எல்லாம் பக்காவா ரெடி பண்ணிட்டு லைட்டுல போய் மாட்டினோம்.

7 மீட்டருக்குள்ள இருந்தா ஒரே ஒரு வெள்ள லைட் போதும்னு யாரோ சொன்னத நம்பிட்டு இருந்தோம். சர்வேயர் சிரிச்சாரு. 1972 கொல்ரெக்ஸ்ல (கடல்ல மோதாம இருக்கறதுக்கான சர்வதேச விதிகள்) விதி 23ல அப்படி ஒரு சலுக இருக்கு, ஆனா நீளமும் 7 மீட்டருக்குக் கம்மியா இருக்கணும், போட்டோட உச்ச வேகமும் 7 நாட்ட (மணிக்கு சுமார் 13 கிலோமீட்டர்) தாண்டக் கூடாது, ரெண்டும் சேந்து இருந்தாத்தான். 40 ஹெச்பிய மாட்டிக்கிட்டு 7 நாட்டுன்னு சொன்னா யாரு நம்புவா. சரி சார், பழைய ஓனர் பக்கத்துக்கு ஒண்ணா மாட்டின சிவப்பு பச்ச லைட் ரெண்டும் எரியுதேன்னோம். "எரியுது, எந்தப் பக்கம் பாத்து எரியுது?"ன்னாரு.

அங்கதான் விஷயமே. ஒவ்வொரு பக்க லைட்டும் நேர் முன்னாடில இருந்து 112.5 டிகிரி தெரியணும், கொஞ்சம் பின்பக்கம் வரைக்கும். மிச்சம் 135 டிகிரி பின்னாடி லைட்டோடது, கூட்டினா 360. எங்க லைட்ட போட்டோட வளைவுலயே திருகி வெச்சிருந்தாங்க, அது பாட்டுக்கு பக்கவாட்டுல பாத்துட்டு இருந்துச்சு, நேர் எதிர்ல நின்னா ரெண்டுமே தெரியல. ராத்திரி அக்கரைல இருக்கற மாண்ட்வால இருந்து மும்பை கேட்வே ஆஃப் இந்தியாவுக்கு வரும்போது எதிர்ல வர்ற ஃபெரிக்காரனுக்கு நாங்க வெறும் இருட்டு. இத்தன நாள் அப்படித்தான் வந்திருக்கோம்னு நெனச்சா வயித்த கலக்குது.

சரின்னு அந்த ரெண்டையும் கழட்டிட்டு நடுவுல வெக்கற மாதிரி சிவப்பு பச்ச சேந்த ஒரே லைட் வாங்கினோம் (20 மீட்டருக்குள்ள இருந்தா அனுமதி உண்டு). ஒயர் லோஹார் சாள் எலக்ட்ரிக் கடைத்தெருவுல, ஈயம் பூசின செம்பு ஒயர், கொஞ்சம் வில ஜாஸ்திதான், ஆனா உப்புக்காத்துல சாதா ஒயர் பச்ச பிடிச்சு, பேட்டரில 12.4 வோல்ட் இருந்தா லைட்டுக்கு 10.9தான் போய் சேந்துட்டு இருந்துச்சு. இன்னொரு கூத்து, பழைய சிவப்பு கண்ணாடிக்குள்ள வெள்ள எல்இடி பல்ப போட்டு வெச்சிருந்தாங்க, கலர் ரோஸ் மாதிரி வெளுத்துப் போய் இருந்துச்சு. கண்ணாடி எந்த பல்புக்கு செஞ்சதோ அந்த பல்புதான் போடணுமாம்.

ராத்திரி டெஸ்ட். நம்ம ஃப்ரெண்ட் ஒருத்தன் போட்டுக்கு முன்னாடி நின்னு பாத்துட்டு "டேய் உல்டாவா மாட்டியிருக்க, சிவப்பு வலது பக்கம் எரியுது"ன்னு கத்தறான். எதிர்ல நின்னா வலது இடதா தெரியும்னு அவனுக்கு தோணவே இல்ல. அவங்க சித்தப்பா தூத்துக்குடில தோணில வேல பாத்தவரு, அன்னிக்கு கூட வந்திருந்தாரு. "எலே, போட்டுல ஏறி மூஞ்சிய முன்னாடி திருப்பு. பீச்சாங்கை சிவப்பு, சோத்துக்கை பச்ச, முடிஞ்சுது"ன்னாரு. இதவிட தெளிவா எந்த புக்கும் சொல்லாது.

ரெண்டாவது சர்வேலயும் ஃபெயில். வெள்ள லைட் பின்னாடி கம்பத்துல இருந்துச்சு, வெயிலுக்குக் கட்டின துணிக்கூரை முன்பக்கம் மறச்சுது. சுத்திலும் தெரியணும், 12 மீட்டருக்குள்ள இருக்கற போட்டுல பக்க லைட்டவிட ஒரு மீட்டராவது மேல இருக்கணும். கம்பத்த நீட்டினோம். அப்புறம் சர்வேயர் கேட்ட கேள்விய நாங்க எதிர்பாக்கவே இல்ல: "நங்கூரம் போட்டா எந்த லைட்ட போடுவீங்க?" எல்லாத்தையும் ஒரே சுவிட்சுல குடுத்திருந்தோம். நங்கூரத்துல நிக்கும்போது சிவப்பு பச்ச எரிஞ்சா போட் ஓடிட்டு இருக்குன்னுல்ல அர்த்தம். அப்ப வெள்ள மட்டும்தான் எரியணும். லாமிங்டன் ரோடு போய் மூணு நிலை சுவிட்ச் வாங்கிட்டு வந்தோம், ஆஃப், நங்கூரம், ஓட்டம். இருநூறு ரூபாகூட ஆகல.

மூணாவது தடவ பத்து நிமிஷத்துல கையெழுத்து போட்டுட்டாரு. கழட்டின பழைய ரெண்டு லைட்டையும் ஃப்ரெண்ட் அவன் வீட்டு பால்கனில அழகுக்கு மாட்டியிருக்கான். உள்ள நின்னு வெளிய பாத்தா சிவப்பு சோத்துக்கை பக்கம். சித்தப்பா இன்னும் பாக்கல.