டப்பாவும் நாலு மூடியும்

காசிமேட்டில் என் அங்கன்வாடிக்கு வரும் தாய்மார்களிடம் ஜமைக்கா ஆய்வைப் பற்றி அடிக்கடி சொல்வேன். 1986-87ல் கிங்ஸ்டன் நகரத்து ஏழைக் குடியிருப்புகளில், வயதுக்கேற்ற உயரமில்லாத 129 குழந்தைகளை அதில் சேர்த்தார்கள். எல்லாம் 9 முதல் 24 மாதக் குழந்தைகள். சிலருக்குப் பால் பவுடர், சிலருக்கு வாரம் ஒரு மணி நேர விளையாட்டு, சிலருக்கு இரண்டும், சிலருக்கு இரண்டும் இல்லை. இப்படி இரண்டு வருடம்.

விளையாட்டு என்றால், சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கே போய், அம்மாவையும் உட்காரவைத்து, வீட்டிலேயே செய்யக்கூடிய பொம்மைகளை வைத்து அவரையே பிள்ளையோடு பேசி விளையாடச் செய்வது. 20 வருடம் கழித்து விசாரித்தபோது, அந்த விளையாட்டு கிடைத்தவர்களின் சம்பாத்தியம் கிடைக்காதவர்களைவிட 25 சதவீதம் கூடுதல். பால் பவுடர் மட்டும் வாங்கியவர்களிடம் அப்படி நீடித்த பலன் தெரியவில்லை.

அதற்காகச் சத்துமாவை விட்டுவிடச் சொல்லமாட்டேன். வயிறு நிறையாத பிள்ளை எதில் மனசு வைக்கும்? ஆனால் மாவோடு நிற்கிறோமே என்பதுதான் என் ஆதங்கம்.

மீன் விற்கும் ஒரு அம்மா கேட்டார்: "பேச்சே வராத புள்ளகிட்ட இன்னா டீச்சர் பேசறது?" பிளாஸ்டிக் டப்பா ஒன்றையும் நாலு மூடிகளையும் பிள்ளை முன்னால் வைத்தேன். அது ஒரு மூடியை உள்ளே போட்டது, டொக்கென்று சத்தம். உடனே அம்மா முகத்தைப் பார்த்தது. "போட்டியா கண்ணு? இன்னொண்ணு போடு" என்றார் அவர். அதேதான், வேறொன்றும் வேண்டாம் என்றேன்.

பதிவேடு எழுதவும் செல்போனில் விவரம் ஏற்றவும் எங்களுக்கு நேரம் ஒதுக்குகிறார்கள். வீடு வீடாகப் போய் இப்படி உட்காரவும் வேலை நேரத்திலேயே இடம் வேண்டும்.