மோந்து பார்க்க விடுங்கள்

காலையில் எங்கள் தெருவில் நாயோடு நடப்பவர்களைப் பார்த்தால் எனக்கு ஆதங்கமாக இருக்கும். ஒரு கையில் போன், மறு கையில் கயிறு. நாய் கரண்ட் கம்பத்தடியில் மூக்கை வைத்ததுமே வெடுக்கென்று ஒரு இழுப்பு. பாவம், அது அப்போதுதான் ஆரம்பித்திருக்கும்.

ராத்திரி அந்த வழியாகப் போனது ஆணா பெண்ணா, தெரிந்த நாயா புதிதா, பெட்டை பருவத்தில் இருக்கிறதா என்பதையெல்லாம் மூத்திர வாடையிலேயே நாய் தெரிந்துகொள்ளும். வாசனையை உணரும் செல்கள் நம் மூக்கில் 50, 60 லட்சம் என்றால், நாய்க்கு 20 கோடிக்கும் மேல். நாள் முழுக்க கேட்டுக்குள் கிடக்கும் நாய்க்கு அந்த அரை மணி நேரம்தான் ஊர் உலகம். எங்கள் செவலையைக் கூட்டிப்போகும்போது தூரத்தை நான் கணக்கே வைப்பதில்லை. நாலு வீடு தாண்டவே பத்து நிமிஷம் ஆனாலும் சரி, அது தலையைத் தூக்கிய பிறகுதான் கிளம்புவோம். வெயில் காலத்தில் மட்டும் தார் ரோடு சுடுவதற்குள் வீடு திரும்பிவிட வேண்டும்.

அடுத்தது கட்டிப்பிடிப்பது. எங்கள் வீட்டுக்கு வரும் சித்தப்பாவுக்கு செவலை மேல் கொள்ளைப் பிரியம். வந்ததும் கழுத்தைக் கட்டிக்கொள்வார். அது முகத்தைத் திருப்பும், உதட்டை நக்கும், கண்ணின் வெள்ளை ஓரமாகத் தெரியும். தூக்கமே இல்லாத நேரத்தில் கொட்டாவி விடும். "விடு" என்று நாய் சொல்லும் விதம் இதுதான். இதையெல்லாம் யாரும் கவனிக்காதபோதுதான் உறுமல் வருகிறது. உடனே, "திடீர்னு சீறுது" என்று பழி நாய் மேல். கனடாவின் உளவியல் பேராசிரியர் ஸ்டான்லி கோரன் 2016இல், மனிதர்கள் நாயைக் கட்டிப்பிடித்திருக்கும் 250 படங்களை இணையத்தில் திரட்டிப் பார்த்தார். பத்துக்கு எட்டில் நாயின் முகத்தில் இந்தத் தவிப்பு இருந்தது. முறையான பெரிய ஆராய்ச்சி இல்லைதான். ஆனாலும் உங்கள் போனில் இருக்கும் படங்களை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

சித்தப்பாவிடம் சொன்னேன்: "பக்கவாட்டில் உட்காருங்க, அதுவா வரட்டும். உச்சந்தலையில் தட்டாம நெஞ்சுப் பக்கம் கொஞ்சம் சொறிஞ்சுவிட்டு கையை எடுத்துடுங்க. வேணும்னா அதுவே முட்டும்." முட்டத்தான் செய்தது.

எனக்குப் பொறுக்கவே முடியாதது, காலையில் செய்த தப்புக்குச் சாயங்காலம் அடிப்பது. "பாருங்க, குற்ற உணர்ச்சியில தலையைக் குனியுது" என்பார்கள். நாய்களின் நடத்தையை ஆராயும் அமெரிக்க விஞ்ஞானி அலெக்ஸாண்ட்ரா ஹொரோவிட்ஸ் 2009இல் இதைச் சோதித்து எழுதினார். தப்பே செய்யாத நாயும், எஜமானர் திட்டினால் அதே முகத்தைத்தான் காட்டியது. அது நம் கோபத்தைப் பார்த்து வரும் பயம். எதற்கு அடி என்று அதற்குப் புரியாது, நீங்கள் வீட்டுக்குள் நுழைவதே பயம் என்று ஆகிவிடும். தரையில் மூத்திரம் இருந்தால் பேசாமல் துடைத்துவிடுங்கள். மறுநாள் கொஞ்சம் முன்னாலேயே வெளியே கூட்டிப்போங்கள். அப்படியும் தொடர்ந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்; மூத்திரப்பையில் தொற்று இருந்தாலும் அடக்க முடியாது.