முதலில் சேலைப் படம்

பினாங்கு ஆயர் ஈத்தாமில் இருக்கும் பெரியம்மா வீட்டு ஆட்களை, அவர்கள் இருக்கிறபடியே படமெடுக்கும் வேலை ஒருவழியாகக் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. ஃபுல் ஃப்ரேம் கேமரா, கொஞ்சம் அகலமாகப் பார்க்கும் 35 மி.மீ. லென்ஸ். ஃபிளாஷ் கிடையாது.

முதலில் மல்லுக்கட்டியது டியூப்லைட்டோடு. இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் பழைய டியூப்லைட் நொடிக்கு 100 தடவை மினுங்கும், கண்ணுக்குத்தான் தெரியாது. சத்தம் வராத எலக்ட்ரானிக் ஷட்டரை 1/250 நொடியில் வைத்தால் படத்தின் குறுக்கே பட்டை பட்டையாக இருட்டு விழுகிறது. 1/100-க்கோ 1/50-க்கோ இறக்கினால் பட்டை போய்விடும். முகத்தில் படியும் பச்சை போகாது. பகலில் விளக்கை அணைத்துவிட்டு ஜன்னலோரம் போய்விடுவதே மேல். அப்புறம், நம் கறுத்த முகங்களுக்குப் பின்னால் வெள்ளைச் சுவர் இருந்தால் கேமரா சுவருக்குத்தான் கணக்குப் போடும், முகம் இருண்டுவிடும். அதனால் எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் வரை, அதாவது வெளிச்சம் இரண்டு மடங்காகும் அளவு வரை, ஏற்றுகிறேன்.

அதைவிடப் பெரிய சிக்கல் நைட்டி. கேமராவைக் கண்டதும் பெரியம்மா, "இருடா, சேலை மாத்திட்டு வந்துடுறேன்" என்று எழுந்துவிடுவார். டாக்குமெண்டரி பிரியர்கள் இந்த இடத்தில் தடுப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் கட்டும் பட்டுச்சேலையில் சாமி படத்தின் கீழ் விறைப்பாக நிற்கிறவரும் அதே பெரியம்மாதானே? அந்தப் படத்தை முதலில் ஒழுங்காக எடுத்து, பிரிண்ட் போட்டுக் கையில் கொடுத்துவிடுகிறேன். அதன் பிறகு கேமராவோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தாலும் யாரும் கண்டுகொள்வதில்லை.

பூத்தொடுக்கும் படம் அப்படிக் கிடைத்ததுதான். நூலைக் கால் பெருவிரலில் சுற்றி இழுத்துப் பிடித்துக்கொண்டு, மல்லிகையை இரண்டிரண்டாக எதிரெதிரே வைத்து முடிச்சுப் போடுகிறார். கண் முழுக்க டிவி சீரியலில். இந்த லென்ஸில் இவ்வளவு நெருங்கினால் ஓரத்தில் இருப்பது இழுபடும். அதனால் முகத்தை நடுப்பக்கம் வைத்துக் காலை ஓரத்துக்கு விட்டேன். கால் நீண்டு தெரிந்தால் குற்றமில்லை.

இருப்பதிலேயே நல்ல படம், பெரியப்பா பல்செட் இல்லாமல் சிரிப்பது. காட்டினேன். "வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும்பா" என்றார். சரி, அது வீட்டு ஆல்பத்துக்கு மட்டும். எடுப்பதற்கு முன் தலையாட்டியபோது எந்தச் சிரிப்பு விழும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? எனவே எதையும் வெளியே காட்டுவதற்கு முன் பிரிண்டை வைத்து இன்னொரு தடவை கேட்கிறேன்.

அடுத்தது சமையலறை. அங்கே நல்ல வெளிச்சம் காலையில்தான். அலமாரி டப்பாவெல்லாம் படத்தில் வருமா என்று பெரியம்மா விசாரித்தார். வரும் என்றேன். எல்லாவற்றையும் கழுவி அடுக்கிவிட்டுக் கூப்பிடுகிறாராம்.