மருதம்பட்டைக் கஷாயம்: இரும்புச் சட்டி வேண்டவே வேண்டாம்

சென்னை பாரிமுனைப் பக்கம் நாட்டு மருந்துக் கடைகளில் மருதம்பட்டை தூளாகவும் கிடைக்கும், துண்டாகவும் கிடைக்கும். துண்டாகவே கேட்டு வாங்குங்கள். தூளில் என்ன கலந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்லவே முடியாது. நல்ல பட்டையின் வெளிப்புறம் சாம்பல் நிறத்தில் வழவழவென்றிருக்கும், உடைத்தால் உள்ளே இளஞ்சிவப்பு. ஒரு சில்லை மென்றால் துவர்ப்பு நாக்கை இழுத்துப் பிடிக்க வேண்டும்.

ரவை பதத்துக்கு இடித்தால் போதும். மாவாக அரைத்தால் வடிகட்டும்போது துணி அடைத்துக்கொள்ளும். 10 கிராம் பட்டையை 400 மி.லி. தண்ணீரில் இரவே ஊறப்போட்டு, காலையில் மூடாமல் சிறு தீயில் 100 மி.லி. ஆகும்வரை சுண்டவிடுங்கள். செம்பழுப்பாக இறங்கும்.

கருத்துப்போனால் தப்பு பாத்திரத்திலோ தண்ணீரிலோ இருக்கிறது. பட்டையிலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்தால் மை மாதிரி ஆகிவிடும். பழைய காலத்தில் எழுதும் மையே இப்படித்தான் செய்தார்கள். சென்னையில் பல வீட்டு போர் தண்ணீரிலேயே இரும்பு உண்டு. அதனால் கேன் தண்ணீரும் எவர்சில்வர் பாத்திரமும்தான் சரி, மண்சட்டியும் ஆகும். வடித்ததை அன்றைக்கே தீர்த்துவிடுங்கள், மறுநாள் புளித்துவிடும்.

நெஞ்சுவலிக்கு மருதம்பட்டை உதவலாம் என்று சில சிறிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதை நம்பி இதய மாத்திரையை நிறுத்துவது ஆபத்து. ரத்தம் உறையாமலிருக்கவோ பிரஷருக்கோ மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஒரு வாய்கூடக் குடிக்க வேண்டாம்.