யார்கிட்ட சொல்ல?

சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி முன்னாள் மாணவர் சங்கத்து மலருக்குக் கட்டுரை கேட்டு மூன்று முறை மின்னஞ்சல் வந்துவிட்டது. ஹால் டே (ஹால் என்றால் நம் விடுதி), மெஸ் சண்டை, வார்டனுக்குத் தெரியாமல் பார்த்த செகண்ட் ஷோ எல்லாவற்றையும் போன மலரிலேயே ஆளாளுக்கு எழுதித் தீர்த்துவிட்டார்கள். நான் தத்துவத் துறை. வகுப்பில் மொத்தமே பதினொரு பேர். 'இதைப் படிச்சு என்ன வேலைக்குப் போவே' என்று எங்கள் வீட்டிலேயே கேட்டார்கள். எங்களைப் பற்றி வேறு யாரும் எழுதப் போவதில்லை. எனவே மூன்றாம் ஆண்டில் நான் எழுதிய ஒரு விடைத்தாளைப் பற்றிச் சொல்கிறேன்.

1987. சமயத் தத்துவ வகுப்பு, மதியம் முதல் பீரியட். மெஸ் சாம்பார் கண்ணை இழுக்கும் நேரம். சார் வந்தார், ஒன்றும் பேசாமல் கரும்பலகையில் மூன்று கேள்விகளை எழுதினார். தீமையைத் தடுக்கக் கடவுளுக்கு மனமிருந்தும் முடியவில்லையா? முடிந்தும் மனமில்லையா? மனமும் வல்லமையும் சேர்ந்தே இருக்கிறதென்றால் தீமை எங்கிருந்து வந்தது? நான் திருநெல்வேலிப் பக்கத்து உபதேசியார் வீட்டுப் பையன். குடும்ப ஜெபம் முடியாமல் இரவுச் சோறு கிடைக்காத வீடு. இப்படியெல்லாம் கேட்கலாமா என்பதே எனக்கு அதிர்ச்சி. பழைய கிரேக்கத் தத்துவவாதி எபிக்யூரஸ் கேட்டதாகச் சொல்லப்படும் இந்தக் கேள்வி நமக்கு வந்து சேர்ந்ததே லக்டான்சியஸ் என்ற கிறிஸ்தவர் எழுதிய நூல் வழியாகத்தான் என்றார் சார். லக்டான்சியஸ் அதை மறுப்பதற்காக எடுத்து எழுதினார். எழுதியதால் கேள்வி பிழைத்துக்கொண்டது. பல நூற்றாண்டு கழித்து ஸ்காட்லாந்துத் தத்துவவாதி ஹியூம் அதைத் தூசி தட்டி எடுத்தார். "எதிராளியோட கேள்வியைப் பத்திரமா வச்சிருந்தது நம்ம வீட்டு ஆளுப்பா" என்று சொல்லும்போது சாரின் முகத்தில் ஒரு குறும்பு.

அப்புறம் வாரக்கணக்கில் பதில்கள் வந்தன. பழைய திருச்சபைத் தந்தை அகுஸ்தீனார் ஒன்பது ஆண்டுகள் மானிகேயர்களோடு இருந்தவர். நன்மை ஒரு சக்தி, தீமை இன்னொரு சக்தி, இரண்டும் சண்டை போடுகின்றன என்பது அவர்கள் கொள்கை. அதிலிருந்து வெளியே வந்தவர், தீமை என்று தனியாக ஒரு பொருளே இல்லை, நன்மை குறைபட்டுப் போன இடம்தான் தீமை என்றார். சட்டையில் கிழிசல் மாதிரி. துணி இருக்கிறது, கிழிசல் என்று தனியாக ஒன்றைக் கையில் எடுத்துக் காட்ட முடியாது. எனக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ராயபுரத்து நண்பன் எழுந்தான். தினமும் எலெக்ட்ரிக் ட்ரெயினில் வந்து போகிறவன். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. "சார், பசிங்கறதும் சோறு இல்லாததுதான். அந்த இல்லாததுதானே சார் வலிக்குது?" சார் சிரிக்கவில்லை. அவன் சொன்னதைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதி வைத்தார். மறுநாள் வரை அது அழிபடாமல் இருந்தது.

இரண்டாம் நூற்றாண்டுத் திருச்சபைத் தந்தை ஐரேனியுவைத் தொட்டு, தத்துவவாதி ஜான் ஹிக் 1966இல் எழுதியது வந்தது: மனிதன் முழுமையாகப் படைக்கப்படவில்லை, வளர வேண்டியவன், இந்த உலகம் ஆன்மா உருவாகிற பட்டறை என்று. கடவுளும் தீமையும் ஒரே உலகில் இருப்பது தர்க்கத்துக்கே முரண் என்று மேக்கி என்ற தத்துவவாதி 1955இல் போட்ட போடும், சுதந்திரம் உள்ள மனிதர்களைப் படைத்துவிட்டு அவர்கள் தவறே செய்யாதபடியும் பார்த்துக்கொள்வது கடவுளாலும் முடியாமல் போகலாமே என்று கிறிஸ்தவத் தத்துவவாதி பிளாண்டிங்கா கொடுத்த பதிலும் வந்தன. இதில் பிளாண்டிங்கா ஜெயித்துவிட்டார் என்று பல தத்துவவாதிகள் ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் அவர் ஜெயித்தது முரண் இல்லை என்கிற அளவுக்குத்தான்.

1979இல் வில்லியம் ரோ என்ற தத்துவவாதி வேறு வழியாக வந்தார். யாரும் பார்க்காத காட்டில் தீப்பிடிக்கிறது; ஒரு மான்குட்டி வெந்து, பல நாள் கிடந்து சாகிறது. யார் பக்குவப்பட, யாருடைய சுதந்திரத்துக்காக? சார் இதைச் சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்தார். நமது வளாகத்தில் புள்ளிமானைப் பார்ப்பது பெரிய விஷயமில்லை. அன்றைக்கு ஒன்றும் தென்படவில்லை. ஆனாலும் பதினொரு பேரும் திரும்பிப் பார்த்தோம்.

ஹாக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம்மில் பாதிப் பேருக்கு அவர் கல்லூரி பாரிமுனையிலிருந்து தாம்பரத்துக்கு வந்த 1937இல் முதல்வராக இருந்தவர் என்று மட்டும்தான் தெரியும். ஏ. ஜி. ஹாக் 1903இல் இங்கே தத்துவம் கற்பிக்க வந்தவர், பின்னாளில் குடியரசுத் தலைவரான ராதாகிருஷ்ணனுக்கு ஆசிரியர். கர்ம வினையையும் மீட்பையும் ஒப்பிட்டு அவர் எழுதிய புத்தகம் 1909இல் வந்தது. வினைக் கோட்பாடு ஒரு நீதிமன்றக் கணக்கு, அவனவன் செய்தது அவனவனுக்கு. கிறிஸ்தவச் சிந்தனையிலோ ஒருவர் பட வேண்டியதை இன்னொருவர் சுமக்க முடியும், துன்பத்துக்குத் தண்டனை என்பதைத் தாண்டி வேறு அர்த்தமும் உண்டு என்பது அவர் வாதம். மாணவர் ராதாகிருஷ்ணன் அதற்கு முந்தின ஆண்டே வேதாந்தத்தின் அறநெறி பற்றி முதுகலை ஆய்வுரை எழுதியிருந்தார். கிறிஸ்தவ விமர்சனம் தந்த உறுத்தலில்தான் தன் மரபை ஆழமாகப் படிக்கத் தொடங்கினேன் என்று பின்னாளில் அவரே சொன்னார். என்னைக் கேட்டால், ஹாக் வினையைக் கொஞ்சம் கறாரான கணக்கப்பிள்ளையாகவே பார்த்துவிட்டார். ஆனால் ஒரே வகுப்பறையில் ஆசிரியரும் மாணவரும் இந்த அளவுக்கு மல்லுக்கட்டிய கல்லூரி நம்முடையது. அதில் எனக்குப் பெருமைதான்.

சரி, விடைத்தாள். இன்டர்னல் தேர்வில் இருபது மதிப்பெண் கேள்வி: துன்பத்துக்குக் கிறிஸ்தவச் சிந்தனையாளர்கள் தரும் விளக்கங்களை ஆராய்க. எட்டுப் பக்கம் எழுதினேன். அகுஸ்தீனார், ஐரேனியு, இருக்கக்கூடிய உலகங்களில் சிறந்தது இதுதான் என்ற லைப்னிட்ஸ், ஹிக் எல்லாரையும் வரிசையாக நிறுத்தி, கடைசியில் ஆன்மா உருவாகும் பட்டறையே சிறந்த பதில் என்று தீர்ப்பும் சொன்னேன். பதினேழு வந்தது. வகுப்பிலேயே அதிகம். கடைசிப் பக்கத்து மார்ஜினில், முழுக்க ஆங்கிலத்தில் இருந்த அந்தத் தாளில், சிவப்பு மையில் தமிழில் ஒரே வரி: 'நல்லா இருக்கு. யார்கிட்ட சொல்ல?'

எனக்குப் புரியவில்லை. பதினேழு புரிந்தது, அது போதும் என்று இருந்துவிட்டேன்.

நவம்பரில் ராயபுரத்து நண்பனின் தங்கை இறந்துபோனாள். ஒன்பது வயது. மூன்று நாள் காய்ச்சல், மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள். காலையில் ஹாலுக்குத் தகவல் வந்ததும் ட்ரெயின் ஏறிப் போனோம். குறுகலான தெரு, மழைச் சேறு. சின்னப் பிள்ளை என்பதால் மேளம் வைக்கவில்லை. அடுத்த தெருவில் கல்யாணம். குழாய் ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டு, நடுநடுவே நாதஸ்வரம். யாரோ போய்ச் சொல்லிச் சத்தத்தைக் குறைக்கச் செய்தார்கள். பத்து நிமிஷத்தில் பழையபடி ஏறிவிட்டது. வாசலில் பெண்கள், "போன ஜென்மத்துல என்ன வினையோ" என்று பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. என்னிடம் இதைவிட நல்ல பதில் இருக்கிறதே. நண்பனைக் குழாயடிப் பக்கம் தள்ளிக்கொண்டு போய், துன்பம் மனிதனைப் பக்குவப்படுத்த வருவது, தண்டனை இல்லை என்று ஆரம்பித்தேன். ஐந்து நிமிஷம் பேசியிருப்பேன். அவன் முழுசாகக் கேட்டான்.

"யாரு பக்குவப்பட? அவளா? நாலாங்கிளாஸ்டா." கொஞ்ச நேரம் கழித்து, "உங்க சாமியும் எங்க சாமியும் ஒரே ஆபீஸ்லதான்டா வேலை பாக்குறாங்க" என்றான். உள்ளே போய்விட்டான்.

பதினொரு மணிக்கு சார் வந்தார். நண்பனின் அப்பாவுக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார், இரண்டு கையையும் முழங்கால் மேல் வைத்துக்கொண்டு. எடுக்கும் வரை, கிட்டத்தட்ட மூன்று மணி நேரம், ஒரு வார்த்தை பேசவில்லை. வாசற்படியில் அந்தச் சின்னப் பெண்ணின் ரப்பர் செருப்பு கிடந்தது, நீல வார், ஒன்றில் ஊக்குக் குத்தியிருந்தது. போகிறவர் வருகிறவர் காலில் அது தட்டுப்பட்டுக்கொண்டே இருந்தது. சார் எழுந்து அதை எடுத்து, வேட்டி முனையால் சேற்றைத் துடைத்து, ஜன்னல் திட்டில் ஜோடியாக வைத்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தார்.

அடுத்த வகுப்பில் பாடப் புத்தகம் எடுக்கவில்லை. புறநானூற்றில் 194ஆம் பாட்டைப் படித்தார், பக்குடுக்கை நன்கணியார் பாடியது. ஒரு வீட்டில் சாப்பறை, இன்னொரு வீட்டில் மணமுழவு. கூடியவர்கள் பூச்சூட, பிரிந்தவர்கள் கண்ணீர் விட, இப்படி ஒரு உலகத்தைப் 'படைத்தோன் மன்ற அப் பண்பிலாளன்'. படைத்தவன் பண்பில்லாதவன்! ராயபுரத்தில் நாங்கள் கேட்டது அதே முழவுதான். இந்தப் பக்கத்துப் பறை மட்டும் ஒலிக்கவில்லை. இப்படிச் சொன்ன பாட்டைத் தொகுத்தவர்கள் தூக்கிப் போடவில்லை என்றார் சார். பிறகு பைபிளில் பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து துன்பப்படுகிற நல்லவன் யோபுவுக்கு வந்தார். நம் சபைகளில் துக்க வீடு தவறாமல் சொல்கிற 'கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்' முதல் அதிகாரம். மூன்றாம் அதிகாரத்தில் அதே யோபு தான் பிறந்த நாளையே சபிக்கிறான். அதை எந்த வீட்டிலும் யாரும் வாசித்து நான் கேட்டதில்லை. நண்பர்கள் எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் மூன்று பேரும் வந்து ஏழு பகல் ஏழு இரவு அவனோடு தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒரு வார்த்தை பேசாமல். அதுவரை அவர்கள்மேல் குறையில்லை. வாயைத் திறந்து விளக்க ஆரம்பித்ததும் கெட்டது. நாற்பத்திரண்டாம் அதிகாரத்தில் கடவுளின் கோபம் யார்மேல்? சண்டை போட்ட யோபு மேல் இல்லை. கடவுளுக்காக வாதாடிய மூவர் மேல்.

சார் அப்போது என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் பரவாயில்லை போல இருந்தது.

தத்துவமே வேண்டாம் என்று அவர் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அடுத்த வாரமே பிளாண்டிங்காவுக்குத் திரும்பினார், குறிப்பெடுக்காதவனைத் திட்டினார். கோட்பாடு இல்லாவிட்டால் மோசமான கோட்பாடு அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். 2004இல் அதைக் கண்ணால் பார்த்தேன். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்திருந்தேன். டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை அலை வந்தது. மெரினாவிலும் பட்டினப்பாக்கத்துக் குப்பங்களிலும் செத்தவர்களைத் தூக்கிக்கொண்டு ஓடியதைப் பார்த்தவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். வேளாங்கண்ணிக்குப் போன யாத்ரீகர்கள் பலர் திரும்பவில்லை. அடுத்த ஞாயிறு நான் போன சபையில் பிரசங்கி, இது கடவுளின் கோபம் என்று முழங்கினார். 1755இல் சகல பரிசுத்தவான்கள் திருநாள் காலையில் லிஸ்பன் பூகம்பம் ஆலயங்களை ஜனங்கள் மேலேயே சாய்த்தபோதும் இதையேதான் சொன்னார்கள். பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேருக்குக் கோபம் வந்தது அப்போதுதான். சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப் பேர் எருசலேமில் மற்ற எல்லாரையும்விடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா, அப்படியல்ல என்று இயேசுவே சொன்னது லூக்கா பதின்மூன்றில் இருக்கிறது. ஆராதனை முடிந்து அந்தப் பிரசங்கியிடம் போய் இதைச் சொன்னேன். இம்முறை யாரிடம் சொல்வது என்று தெரிந்திருந்தது. அவர் கேட்டுக்கொள்ளவில்லை, அது வேறு விஷயம்.

ராயபுரத்து நண்பன் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றுவிட்டான். குழாயடியில் நான் பேசியதை நாங்கள் இருவரும் அதன்பிறகு பேசியதே இல்லை. ஆறு வருஷத்துக்கு முன் சேலையூரில் அம்மா இறந்தபோது, நான் டொராண்டோவிலிருந்து வந்து சேர ஒன்றரை நாள் ஆனது. எனக்கு முன்னால் அவன் அங்கே இருந்தான். ஃப்ரீசர் பாக்ஸின் பிளக் சுவரிலிருந்த பழைய சாக்கெட்டில் நிற்காமல் நழுவிக்கொண்டே இருந்ததாம். பேப்பரை மடித்து முட்டுக் கொடுத்து, அப்படியும் நம்பிக்கையில்லாமல், பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. ஒரு கை பிளக்கின் மேலேயே இருந்தது. பெட்டியில் எரிந்த சின்னப் பச்சை விளக்கைக் காட்டி, "ராத்திரி ரெண்டு தடவைதான் அணைஞ்சுது. உடனே போட்டுட்டேன்" என்றான்.