சுங்கை சிப்புட், ஜூலை

ஜூலை 8
நியூசிலாந்தில், கிறைஸ்ட்சர்ச்சில் வண்டியை எடுத்துவிட்டார்களாம். மகள் படம் அனுப்பினாள். கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் சுமக்கிற வண்டி. ஜன்னலோரம் பேத்தி சிரிக்கிறாள். அங்கேயும் நம்மைப் போல இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். அதுவரைக்கும் நிம்மதி.

ஜூலை 9
டேக்கப்போவில் ராத்திரி மைனஸ் 6 என்றாள். எனக்கு டீசல் நினைப்பாகவே இருந்தது. கடுங்குளிரில் டீசலில் மெழுகு திரண்டு ஃபில்டரை அடைத்துக்கொள்ளும். மலைப்பக்கத்து நிலையங்களில் குளிருக்கென்றே பக்குவப்படுத்திய டீசல் கிடைக்கும். கீழே சமவெளியில் நிரப்பிய டீசலை நம்பாமல் அங்கேயே நிரப்பச் சொன்னேன். "சரிப்பா" என்றாள். நிரப்பினார்களா?

ஜூலை 10
பேசவில்லை.

ஜூலை 11
28 வருடம் லோரி ஓட்டினேன். தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றினேன், கேமரன் மலையிலிருந்து தாப்பாவுக்குக் காய்கறி இறக்கினேன். பாரம் தெரியும், சரிவு தெரியும், சகதி தெரியும். ஐஸ் தெரியாது.

பூப்போட்ட தட்டில் கொஞ்சம் தண்ணீர் விட்டு ஐஸ்பெட்டியில் வைத்தேன். மதியம் எடுத்தால் பூ அப்படியே தெரிகிறது. உறைந்ததா இல்லையா என்றே சந்தேகம். விரலை வைத்தேன், வழுக்கிக்கொண்டு போனது. கறுப்பு ஐஸ் என்று மகள் சொன்னது இதைத்தான். அதில் கறுப்பே இல்லை, அடியில் இருக்கிற தார்தான் தெரிகிறது. பாலத்தில் மேலேயும் கீழேயும் காற்று அடிப்பதால் முதலில் அங்கேதான் உறையும். மலை நிழல் விழுகிற இடத்தில் நடுப்பகலிலும் இளகாது.

ஜூலை 12
நாளைக்கு லிண்டிஸ் கணவாய். 971 மீட்டர். நம் கேமரன் மலையில் தானா ராத்தா 1,440, அதைவிடத் தாழ்வுதான் என்று வீட்டுக்காரியிடம் சொன்னேன். அவளுக்கு வேறு கவலை. சூட்டுக்காக அடுப்பை எரியவிட்டு ஜன்னலை அடைத்துக்கொண்டு தூங்கினால் விஷவாயு ஆளைக் கொன்றுவிடும். நீயே சொல் என்று போனைக் கொடுத்தேன்.

அப்புறம் நான் பேசினேன். "மாப்பிள்ளை, பத்து மணிக்கு முன்னால எடுக்காதீங்க. வளைவுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைச்சிடுங்க, வளைவுக்குள்ள பிரேக் வேண்டாம். இறக்கத்துல சின்ன கியர். பனியில வழுக்காம மாட்டுற சங்கிலி முன் சக்கரத்துக்கா, பின் சக்கரத்துக்கா?"

"பார்க்கிறேன் மாமா."

பார்க்க வேண்டும். வெளிச்சம் இருக்கும்போதே, சமதரையில், ஒரு தடவை மாட்டிக் கழற்றிப் பார்க்க வேண்டும். பனி கொட்டும்போது விரல் மரத்துப்போகும், கொக்கி பிடிபடாது.

ஜூலை 13
காலை 6:10. "புறப்பட்டோம்பா." அங்கே 10:10. மாப்பிள்ளை நான் சொன்னதைக் கேட்டிருக்கிறார்.

8:45. எங்கே என்று புலனத்தில் கேட்டேன். ஒரு டிக்.

9:20. ஒரு டிக்தான்.