மூன்று கட்டத்திலும் பெருக்கல் குறி

நேற்று கோலாலம்பூர் செந்தூல் ஒட்டுக்கடையில் தே தாரே (இழுத்து ஆற்றிய தேநீர்) வந்ததும் தங்கச்சி மகன் ஆரம்பித்தான்: "போன தடவை மாதிரியே ஆள் நிறுத்தினால் நான் ஓட்டுப் போடப் போக மாட்டேன், மாமா."

திட்ட வாய் வரவில்லை. மலேசியப் பொதுத்தேர்தலில் 2018-இல் வேலை நாளான புதன்கிழமையில் வாக்களிப்பு வைத்தும் 82 விழுக்காடு பேர் வந்தார்கள். 2022-இல் 18 வயதுக்காரர்களைத் தானாகவே பட்டியலில் சேர்த்தும் 74-க்கு இறங்கிவிட்டது. இடையில் நம்மைக் கேட்காமலே இரண்டு தடவை பிரதமர் மாறினார். அப்புறம் ஆர்வம் எங்கிருந்து வரும்?

"ஓட்டு மெஷின் வந்தால் போவாயா?" என்றேன்.

"ஐயோ, அது வேறயா!"

தமிழ்நாட்டுச் சொந்தக்காரர்கள் வாட்சப்பில் மெஷினைப் பற்றி அடித்துக்கொள்வதை அவனும் பார்க்கிறான். யாருக்குப் போட்டோம் என்று காட்டும் சீட்டு மெஷினில் ஏழு வினாடி தெரிந்தாலும் சந்தேகம் தீரவில்லை. நமக்கு இன்னும் தாள்தான். வாக்களித்த வகுப்பறையிலேயே எண்ணி, வாக்கு எண்ணிக்கை எழுதிய பாரம் 14-ஐ வேட்பாளர்களின் முகவர்களிடம் கொடுப்பார்கள்.

ஒருமுறை நானும் எண்ணும் முகவராக உட்கார்ந்தேன். ஒரு வாக்குச் சீட்டில் மூன்று வேட்பாளர்களின் கட்டத்திலும் பெருக்கல் குறி, அதுவும் அழுத்தி. யாரும் வேண்டாம் என்ற செல்லாத ஓட்டு. இந்தியாவில் 2013-லிருந்து அதற்கென்றே நோட்டா ('இவர்களில் யாரும் இல்லை') உண்டு. நமக்கு அதுவும் இல்லையே!

இதைச் சொன்னது என் தப்பு. "நல்ல ஐடியா மாமா" என்கிறான்.